உப்புக்காற்றில் ஓடும் பழைய கார்: வழக்கமான சர்வீஸை வீட்டிலேயே செய்வது எப்படி

எங்கள் வீடு மண்டபத்தில், தென்கடலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. வாசலில் நிற்பது 2009 மாடல் மாருதி ஆல்டோ. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 1,68,000. ஆயில், ஃபில்டர், கூலண்ட், பேட்டரி, பிரேக் பார்ப்பது எல்லாம் ஆறு வருடமாக என் கையால்தான். ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாதவர்களும் செய்யக்கூடிய வேலைகள் இவை. பொறுமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் இருந்தால் போதும்.

சர்வீஸ் எப்போது என்று மேனுவலைப் பார்த்தால் கிலோமீட்டர் கணக்கும் மாதக் கணக்கும் சேர்ந்தே இருக்கும். எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிற காருக்குக் கிலோமீட்டர் முதலில் வரும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கரையில் வீட்டு உபயோகத்துக்கு நிற்கிற காருக்கு மாதம்தான் முதலில் வரும். ஓடாமல் நின்றாலும் அது தேய்ந்துகொண்டே இருக்கிறது. உப்புக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பின் மேல் படிந்த உப்பு தானாகவே கரைந்து உப்புநீராகிவிடும். நம் ஊரில் பல ராத்திரிகள் அப்படித்தான். அதனால்தான் ஒரு சொட்டு மழை இல்லாத வைகாசியிலும் காரின் அடிப்பாகம் விடிய விடிய உப்புநீரில் நிற்கிறது.

ஆகவே நான் மீட்டரை மட்டும் நம்புவதில்லை. மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒரு பெரிய பார்வை, மழை ஓய்ந்து தையில் இன்னொன்று. ஆயில் மாற்றுவதையும் இந்த இரண்டில் ஒன்றோடு சேர்த்துவிடுவேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, கிலோமீட்டர், என்ன செய்தேன், என்ன பார்த்தேன் என்று எழுதுங்கள். பழைய காருக்கு அந்த நோட்டுதான் ஜாதகம்.

என்னென்ன வேண்டும்

ரிங் ஸ்பேனர் செட், பாக்ஸ் ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளையர், கம்பி பிரஷ், ஒரு கட்டு பனியன் வேஸ்ட், ரப்பர் கையுறை, துருவை இளக்கும் ஸ்பிரே ஒரு டப்பா. ஆயில் பிடிக்க, பழைய ஐந்து லிட்டர் கேனைப் படுக்கவைத்து ஒரு பக்கத்தை வெட்டிக்கொண்டால் நல்ல தட்டு கிடைத்துவிடும்.

காசு கொஞ்சம் இறுக்கம் என்றால் ஸ்பேனரில் மிச்சம் பிடியுங்கள். தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் ஜாக்கி ஸ்டாண்டில் மட்டும் வேண்டாம். காரோடு வருகிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடக் கூடாது. தரமான ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். நம் பக்கத்து முற்றமெல்லாம் கடல்மணல். மணலில் ஜாக்கி புதையும், சாயும். சிமெண்டுத் தரையில்தான் தூக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, மேனுவல் காட்டுகிற இடத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசையாமல் நின்றால்தான் உள்ளே போகலாம்.

துருப்பிடித்த போல்ட்டை அணுகும் முறை

உள்ளூர்க் கார்களில் இந்த இடத்தில்தான் வேலை கெடும். மற்ற ஊரில் அரை நிமிடத்தில் கழலும் போல்ட் இங்கே இரும்போடு இரும்பாக ஒட்டியிருக்கும். பலம் போட்டால் தலை உருண்டுவிடும், இல்லை முறிந்துவிடும். பக்கத்து வீட்டு அண்ணன் விசைப்படகில் டிரைவர். படகு எஞ்சினில் இதே உப்போடு முப்பது வருடம் பழகியவர். முதல் தடவை நான் ஸ்பேனரில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, போல்ட்டோட மல்லுக்கட்டாத. ராத்திரியே எண்ணெயக் குடுத்து ஊறவிடு, காலைல அதுவா வந்துரும்" என்றார்.

அப்படியே செய்யுங்கள். முந்தின நாள் சாயங்காலம் கம்பி பிரஷால் துருப்பொடியைத் தேய்த்து எடுத்துவிட்டு ஸ்பிரே அடியுங்கள். தூங்கப் போகும் முன் இன்னொரு முறை. காலையில் ஆறு முனையும் பிடிக்கிற ரிங் அல்லது பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள். "டிக்" என்று சின்னச் சத்தம் வரும். துரு விட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு கழற்றுகிற பக்கம் கால் சுற்று, மறுபடி உள்ளே கொஞ்சம், மறுபடி வெளியே. சிவந்த பொடி மரையில் கசிந்து வரும். துடைத்து, இன்னும் ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிடம் ஆகலாம், ஆகட்டும். திரும்பப் பூட்டும்போது மரையைச் சுத்தம் செய்து, இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை லேசாகத் தடவிவிட்டால் அடுத்த வருடம் இந்தப் பாடு இல்லை. பிரேக் டிஸ்க், பேடு இருக்கும் இடத்துப் பக்கம் மட்டும் அந்தப் பேஸ்ட்டோ எண்ணெயோ சிந்தவே கூடாது.

ஆயில் மாற்றுவது

எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்பது மேனுவலில் இருக்கிறது. பழைய வண்டி என்பதற்காகக் கெட்டியான ஆயிலாகத் தேடிப் போக வேண்டாம். அதே கிரேடில் தரமானது போதும். ஃபில்டரை நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்குங்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷரும் சேர்த்துக் கேளுங்கள். விலை குறைந்த பொருள்தான், ஆனால் பழைய வாஷரைத் திரும்பப் போட்டதால் சொட்டுகிற கார்கள் ஏராளம்.

ஐந்து, பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கி, அணைத்து, பத்து நிமிடம் விடுங்கள். ஆயில் இளகியிருக்க வேண்டும், கை வேகக் கூடாது. பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வையுங்கள். கீழே தட்டை வைத்து டிரெயின் போல்ட்டை இளக்குங்கள். கடைசிச் சுற்றுகளை விரலால், போல்ட்டை உள்பக்கமாக அழுத்தியபடியே திருப்ப வேண்டும். மரை முடிந்தது விரலுக்குத் தெரிந்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொள்ளுங்கள். ஆயில் முதலில் நேரே கீழே விழாமல் ஒரு சாண் தள்ளிப் பாய்ந்து விழும். தட்டை அதற்கேற்ப வைத்திருக்க வேண்டும்.

வடிகிற நேரத்தில் ஆயிலைப் பாருங்கள். கறுப்பு பயப்பட வேண்டியதில்லை. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கிறது. விரலில் தேய்த்து வெயிலில் பிடித்தால் மினுமினுப்பாக உலோகப்பொடி தெரிகிறதா? பெட்ரோல் வாசம் அடிக்கிறதா? இதில் ஏதாவது இருந்தால் நோட்டில் எழுதி, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கடையில் விட்டிருந்தால் இதை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். நானே செய்வதற்கு எனக்குள்ள பெரிய காரணம் இதுதான்.

அடுத்தது ஃபில்டர். கையால் வராவிட்டால் ஃபில்டர் ஸ்பேனர் போடுங்கள். கழற்றியதும் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதனோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். சில நேரம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே புது ஃபில்டரைப் பூட்டினால் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆயில் முழுவதும் வெளியே வந்துவிடும். புது ஃபில்டரின் ரப்பரில் புது ஆயிலை விரலால் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று இறுக்கினால் போதும். அளவு ஃபில்டரின் மேலேயே அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

டிரெயின் போல்ட்டை விரலால்தான் தொடங்க வேண்டும். மூன்று நான்கு சுற்று விரலாலேயே வழுக்கிக்கொண்டு போனால் மரை சரியாகப் பிடித்திருக்கிறது. அப்புறம் ஸ்பேனர், ஒரு கை பலம். முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டதால் என் காரின் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) மரை போய், சம்ப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. இறுக்கம் அளக்கும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் மேனுவல் அளவுக்கு வையுங்கள்.

சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, கார் சமதரையில் நிற்கும்போது ஆயில் அளவு காட்டும் கேஜ் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. லட்சம் தாண்டிய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிப்பது சகஜம். வாரம் ஒருமுறை காலையில் கேஜ் பார்த்து, ஊற்றியதை நோட்டில் குறித்து வந்தால், குடிப்பது கூடுகிறதா என்று தெரியும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயில் சேர்த்து வைக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். தயவுசெய்து மணலில் கொட்டாதீர்கள். நம் மணலில் ஊற்றியது நேராகக் கிணற்றுக்கும் கடலுக்கும்தான் போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே இருக்கிற கடற்புல்லையும் பவளப்பாறையையும் நம்பித்தான் இந்தக் கரையின் மீன்வளம் இருக்கிறது.

ரேடியேட்டரும் நல்ல தண்ணியும்

ரேடியேட்டர் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நம் ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அது உள்ளே போனால் ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் உள்ளிருந்தே அரிக்கும், உப்பு அடைத்துக்கொள்ளும். குடிக்கிற நல்ல தண்ணியும் வேண்டாம். கலந்தே விற்கிற கூலண்ட், இல்லை என்றால் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். காலையில் ஆறிய எஞ்சினில், பக்கத்து டப்பாவின் இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் துருச் சிவப்பாக மாறியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வடித்த கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். ஆடு, கோழி, நாய் வந்து நக்காதபடி உடனே மூடி வையுங்கள்.

ரேடியேட்டரின் முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகளில் மணலும் உப்பும் அப்பியிருக்கும். மெல்லிய தண்ணீர்த் தாரையால் கழுவுங்கள். வேகமான பிரஷர் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

அடிப்பாகம் கழுவுவது

இது எந்த மேனுவலிலும் பெரிதாக இல்லை. ஆனால் நம் கரையில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். பழைய கார் இங்கே எஞ்சின் போய்ச் சாவதைவிட, தரை ஓட்டையாகிச் சாவதே அதிகமாகப் பார்த்திருக்கிறேன். 15 வருடம் முடிந்து ஆர்.சி.யை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கும்போதும் வண்டியைக் காட்டித்தான் தகுதி வாங்க வேண்டும்.

கழுவுவதற்கு நல்ல தண்ணி வேண்டும். குடம் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் அது சுலபமில்லை. நான் செய்வது இது: வயலுக்கு மருந்தடிக்கிற முதுகுத் தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கி, காருக்கென்றே வைத்திருக்கிறேன். ஒரு குடம் தண்ணீரில் நான்கு மட்கார்டின் உள்பக்கம், சஸ்பென்ஷன், பிரேக் பைப் போகிற வழி, சைலன்சர் பிடி எல்லாம் கழுவிவிடலாம். களைக்கொல்லி அடித்த பழைய மெஷின் வேண்டாம். மாதம் ஒருமுறை போதும். தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய் வந்தால் மட்டும் அன்றைக்கே கழுவ வேண்டும். சாலையின் இரண்டு பக்கமும் கடல். காற்றில் வருகிற திவலை உப்பாகவே ஒட்டும்.

கதவுகளின் அடி விளிம்பில், படிக்கட்டுப் பட்டைக்குக் கீழே, தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மணல் அடைத்துக்கொண்டால் உள்ளேயே நீர் தேங்கித் துரு பிடிக்கும். புரட்டாசியில் ஒரு ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றையும் குத்திவிடுங்கள். என் காரின் இடது பின்கதவில் முதல் முறை குத்தியபோது ஒரு டம்ளர் அளவுக்குச் சிவந்த தண்ணீர் வடிந்தது. பெயிண்ட் உரிந்த இடத்தைத் தேய்த்து, காயவைத்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்துவிட்டுத்தான் அண்டர்கோட்டிங். துருவின் மேலேயே அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதும் அப்படியே.

எங்கே நிறுத்துகிறோம் என்பதும் வேலைதான். ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும், கார்த்திகை வாடை வடகிழக்கிலிருந்து. ஆடியில் வீட்டின் வடகிழக்குப் பக்கம், கார்த்திகையில் தென்மேற்குப் பக்கம் நிறுத்தினால் சுவரே பாதி உப்பைத் தடுத்துவிடும்.

பேட்டரி, பிரேக், மற்றவை

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் நெகட்டிவைக் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றுங்கள். ஆப்பசோடா கரைத்த தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றினால் நுரைத்துக் கரையும். பிரஷால் தேய்த்து, துடைத்து, காயவைத்து, பாசிட்டிவை முதலில் பூட்டி, மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரியில் இருந்து பாடிக்குப் போகிற எர்த் கம்பியின் போல்ட்டையும் இதே மாதிரி சுத்தம் செய்யுங்கள். கடலோரக் கார்களில் காரணம் தெரியாத பாதி எலக்ட்ரிக்கல் கோளாறு அங்கேதான் இருக்கும்.

பிரேக்கில் புதியவர் செய்ய வேண்டியது பார்ப்பது மட்டுமே. வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கி, பிறகு தூக்கிக் கழற்றுங்கள். பேடு மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். உள் பேடு தேய்ந்து வெளிப் பேடு புதிதாகவே இருந்தால் பேடை அழுத்துகிற கேலிப்பர் நகர்வதற்கான பின் துருவில் இறுகியிருக்கிறது. காலையில் டிஸ்க்கின் மேல் தெரிகிற மெல்லிய பழுப்புத் துரு முதல் சில பிரேக்கில் போய்விடும், கவலை வேண்டாம். நாள் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் சமதரையில் கியரில் விட்டு, கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின் சக்கரத்து பிரேக் ஷூ உப்பில் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் மாற்றுங்கள்.

ஏர் ஃபில்டரை ஆடிக் காற்று முடிந்ததும் கழற்றித் தட்டிப் பாருங்கள். மணல் கொட்டினால், மேனுவல் கணக்கு என்ன சொன்னாலும் புதிது போடுங்கள். வைப்பர் ரப்பரைப் புரட்டாசியில் மாற்றுங்கள். டயரில் ஒட்டியிருக்கும் சீமைக்கருவேல முள்ளை மாதம் ஒருமுறை பார்த்து எடுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் வருடம் 32-ஆவது வாரம் செய்தது. தரையில் பதிகிற கட்டை நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயரை நம்பி மதுரை ரோட்டில் போகாதீர்கள்.

கியர் ஆயிலை நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: ஊற்றுகிற போல்ட் கழலுகிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம்தான் வடிக்கிற போல்ட். வடித்த பிறகு மேல் போல்ட் துருவில் இறுகியிருந்தால் கார் நகராது.

தொடக் கூடாதவை

டைமிங் பெல்ட், ஏசி கேஸ், ஏர்பேக், பெட்ரோல் லைன், பிரேக் பைப். இவற்றை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பழைய ஆல்டோ, மாருதி 800 இரண்டிலும் டைமிங்குக்கு ரப்பர் பெல்ட்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர், எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு தெரியாவிட்டால், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். விற்றவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் முடிந்து சக்கரத்தை மாட்டியதும், நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, காரை இறக்கிய பிறகு இன்னொரு முறை இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போய்த் திரும்பினால் அந்தத் தூரம் தாண்டிவிடும். வீட்டுக்கு வந்ததும் நட்டைப் பாருங்கள், அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அட்டையில் சொட்டு இல்லையென்றால் நோட்டை எடுத்துத் தேதி போடலாம்.